சத்தம் ஷாக்கில் இல்லை: பழைய ஆல்டோவுக்குப் பின்பக்க புஷ் மாற்றியது

பழைய காரில் பின்னால் ‘கடக்’ என்று சத்தம் வந்தால் முதல் பழி ஷாக் அப்சார்பர் மேல்தான் விழும். எங்கள் 2004 மாடல் ஆல்டோவுக்கும் அப்படித்தான். போன சர்வீஸில் பின்பக்க ஷாக் இரண்டையும் புதிதாகப் போட்டாயிற்று. பணம் போனது, சத்தம் போகவில்லை. கூடவே இன்னொரு தொல்லை: வேகமாகப் போகும்போது லேன் மாறினால், முன்பக்கம் திரும்பி முடித்த பிறகு பின்பக்கம் தனியாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்து சேரும். ஷாக் அப்சார்பரின் வேலை மேலும் கீழுமான துள்ளலை அடக்குவது. வண்டி பக்கவாட்டில் ஆடுகிறதென்றால் வேறு எங்கோ பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் பின்பக்க அமைப்பு எளிமையானது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில். அது முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு டிரெயிலிங் ஆர்ம். இடம் வலமாக நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு லேட்டரல் ராட், ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை பாடியில். மூன்றின் முனைகளிலும் ரப்பர் புஷ், அதாவது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். இரும்பும் இரும்பும் நேராக முட்டாமல் நடுவில் நிற்பது அந்த ரப்பர்தான். இருபது வருட வெயிலும் தண்ணீரும் அதை என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதனைக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். தரையில் நிற்கும்போதே மச்சானை விட்டுப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஆட்டச் சொன்னேன். நான் பின்னால் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ராட் அசையவில்லை, பாடியோடு சேர்ந்து போல்ட் மட்டும் புஷ்ஷுக்குள் இங்கும் அங்கும் போய் வந்தது. ரப்பர் இரும்புக் குழாயிலிருந்து முழுக்க விட்டுப்போயிருந்தது. டிரெயிலிங் ஆர்மின் முன்முனையில் டயர் லீவரை வைத்து நெம்பியபோது அங்கேயும் ஆட்டம், ஓரத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு.

பொருள் வாங்க, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஆர்மோடு சேர்த்துப் பழையது கிடைக்கும், ஆனால் அதே வயதுள்ள இன்னொரு ரப்பரைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கெட்டியாக இருக்கும், நெடுநாள் உழைக்கும், உண்மை. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும். ரேஸுக்குப் போகிற வண்டியா இது? காய்கறி வாங்கப் போகிற வண்டி. ரப்பரே போதும்.

தூக்குவதில் ஒரு விஷயம். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பாடியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஆக்ஸிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. ஷாக் அப்சார்பரைக் கழற்றவில்லை, ஆக்ஸில் ஒரேயடியாகத் தொங்காமல் தடுப்பது அதுதான். ஒரு நேரத்தில் ஒரு ஆர்ம் மட்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் உருண்டு பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

லேட்டரல் ராட் சமர்த்தாக வந்துவிட்டது. இடது ஆர்மின் முன் போல்ட்தான் படுத்தி எடுத்தது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்திருந்தேன். நட்டு கழன்றது, போல்ட் நகரவில்லை. தலையைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பியது. புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகியிருந்தது. எத்தனை அடித்தும் பயனில்லை, அடி முழுவதையும் ரப்பர் விழுங்கிவிடுகிறது. கடைசியில் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஹேக்ஸா பிளேடை மட்டும் விட்டு இரண்டு பக்கமும் அறுத்தேன். தோள்பட்டை இரவு முழுக்க வலித்தது. இந்த இடத்துக்குச் சாதாரண ஹார்டுவேர் கடை போல்ட் ஆகாது. தலையில் 8.8 என்றோ அதற்கு மேலான எண்ணோ இருக்க வேண்டும். முதல் 8 என்பது இழுவிசையில் அறுபடும் அளவு, 800 மெகாபாஸ்கல். அடுத்த .8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. புது போல்டின் உடம்பில் லேசாக கிரீஸ் தடவித்தான் போட்டேன், அடுத்த முறை கழற்றுகிறவர் திட்டக் கூடாதே.

புஷ்ஷைப் பிதுக்கி எடுக்க பெஞ்ச் வைஸும் சாக்கெட்டுகளும் போதும். ஒரு பக்கம் வெளிக்குழாயைவிடச் சற்றே சின்ன சாக்கெட், மறுபக்கம் அது விழுந்து உட்காரும் அளவுக்குப் பெரியது. இறுக்கினால் ‘டப்’பென்று விட்டு வரும். ஒன்று மட்டும் வரவில்லை, லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “இதுக்கா தம்பி இவ்வளவு பாடு?” என்று அண்ணன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து, நான் டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிட்டார். புதியதைப் போடுமுன் ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கும் என்பார்கள். 35 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய் 50 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.02 மி.மீ. அளவுதான். துளையை எமரி பேப்பரால் சுத்தமாகத் தேய்ப்பது அதைவிடப் பலன் தரும். ரப்பர் படும் இடத்தில் கிரீஸ் வேண்டாம், உப்பிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

இந்த வேலையின் உயிர் கடைசி இறுக்கலில் இருக்கிறது. புஷ்ஷின் உள்குழாயை போல்ட் பிராக்கெட்டோடு கவ்விப் பிடித்துவிடும், அது சுழலாது. வெளிக்குழாய் ஆர்மோடு நகரும். நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது போல்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் முறுக்கு, ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கு. சீக்கிரம் கிழிந்துவிடும். ‘புது புஷ் சீக்கிரமே போச்சு, பொருள் மட்டம்’ என்ற புலம்பல்களில் பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். எனவே நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, பின்சக்கரங்களைத் தடித்த மரப்பலகைகள் மேல் இறக்கி, டிக்கியை நாலு தடவை அழுத்திக் குலுக்கினோம். வண்டி தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கினேன்.

பின்சக்கரத்துக்கும் ஃபெண்டருக்குமான இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தேன், சமமாக இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் இல்லை. லேன் மாறும்போது பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. பழைய ஷாக்குகளில் பாவம் ஒரு குறையும் இருந்திருக்காது. கொஞ்சம் ஓட்டிய பிறகு போல்டுகளை ஒரு தடவை சரிபார்த்தேன், எதுவும் இளகவில்லை. பின்னால் அமைதியானதும் முன்பக்கம் லோயர் ஆர்மிலிருந்து வரும் சின்ன முனகல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்து அதுதான்.