பசலி 1426

கிராம நிர்வாக அலுவலருக்கு வருஷம் ஜூலையில்தான் பிறக்கும். நிலவரிக் கணக்குக்கான வருஷத்துக்குப் பசலி என்று பெயர்; அந்தக் கணக்கு அப்படி. 2016 ஜூலை முதல் 2017 ஜூன் முடிய உள்ளது பசலி 1426. அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் ஒரு குரூப்பில், அதாவது ஒரு கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் இருக்கும் ஊர்களில், வேலையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த எண் மட்டும் மறக்கவில்லை.

அந்தப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்திலேயே நெல்லைப் புழுதி விதைப்பாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் வானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் ஒரு போகம் எடுக்கலாம். பெருகாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். 2016இல் பெருகவில்லை. வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கவே 62 விழுக்காடு குறைவு. போதாததற்கு நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வெள்ளாட்டை விற்று வைத்திருந்த காசை மாற்ற, காய்ந்த வயலை விட்டுவிட்டு பேங்க் வாசலில் நின்றார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மற்ற மானாவாரிப் பயிருக்கு 3,000. நிலவரி தள்ளுபடி. நூறு நாள் வேலை 150 நாளானது. (ஊரில் அதற்கப்புறமும் அதை நூறு நாள் வேலை என்றுதான் சொன்னார்கள். கூலியும் ஒழுங்காக வரவில்லை. கண்மாயில் மண் வெட்டியவர்கள் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார்கள். எனக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே கிடையாது.)

பொங்கலை ஒட்டிப் பயிராய்வுக்குப் போனோம். நான், வருவாய் ஆய்வாளர், வேளாண்மை உதவி அலுவலர், எங்களுக்கு முன்னால் தலையாரி. கரம்பை நிலம் வெடித்து, செருப்போடு கால் உள்ளே போகிற அளவுக்குப் பாளம் பாளமாகக் கிடந்தது. நெல் கணுக்கால் உயரம்தான். பிடுங்கினால் வேர் வராமல் தாள் மட்டும் கையோடு வந்தது. எத்தனை விழுக்காடு சேதம் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. நூறு என்று எழுதிக்கொண்டு நடந்தோம்.

ஒரு வயல் வரப்பில் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். காய்ந்த பயிரில் நாலு ஆடுகளை மேயவிட்டிருந்தார். இரண்டு ஏக்கர். பட்டா மதுரையில் இருக்கும் ஒருவர் பெயரில். ஆத்தா வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுபவர். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். நான் சர்வே எண்ணைப் பார்த்து மதுரைக்காரர் பெயரை எழுதினேன். தலையாரி ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விதச்சது நான், களை எடுத்தது நான், சாகக் கொடுத்ததும் நான்தானய்யா. பணம் மட்டும் மருதையில இருக்கவுகளுக்கா?"

குத்தகையைப் பதிவு செய்ய 1969லிருந்தே சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. "பதிவுன்னு வாயத் தொறந்தா அடுத்த வருசம் நிலத்துல கால வைக்க விடுவாகளா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த சர்வே எண்ணுக்குப் போய்விட்டோம்.

ஆனால் அதே ஆத்தா மாதத்தில் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்பார். 20 கிலோ அரிசி, காசு இல்லை. நிலம் யாருடையது, பயிர் என்ன ஆயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குடும்ப அட்டை இருந்தால் போதும். அரிசி எங்கேயோ விளைந்து எங்கேயோ அரைபட்டு வந்திருக்கும். எங்கள் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 1876 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியமும் சொற்பக் காசும் போதும் என்று வெள்ளைக்காரன் கூலியைக் குறைத்தான். அதே சமயம் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. அந்தக் கதையை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊர் ரேஷன் கடை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அரசு தகுதியைத் துருவாமல் கொடுத்தது ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆதாரம் கேட்டுக் கொடுத்ததெல்லாம் வழியிலேயே வேறு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. என் முப்பது வருஷ வேலையில் நான் கண்டது இதுதான்.

அரிசி இருந்ததால் எங்கள் குரூப்பில் யாரும் பட்டினியால் சாகவில்லை. அதற்காகப் பசி இல்லை என்று ஆகிவிடாது. கிலோ 30 ரூபாய்க்குப் போடும் துவரம்பருப்பு வந்த அன்றே தீர்ந்துவிடும். பிந்திப் போனவர்களுக்கு இல்லை. ஆடு விற்றாயிற்று, பால் இல்லை. இலவச அரிசியை வடிக்கத் தண்ணீர் வேண்டுமே. தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் மைல்கணக்கில் போய் வந்தார்கள். அந்தக் கோடையில் விலைக்கு வாங்கினால் குடம் பத்து ரூபாய். புளித்தண்ணீரும் சுட்ட மிளகாயும்தான் பல வீடுகளில் குழம்பு.

பள்ளிக்கூடம் நடந்த வரைக்கும் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறும் முட்டையும் கிடைத்தன. மே மாதம் அடுப்பு அணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், வேறு மாநிலங்களின் வறட்சி பற்றிய வழக்கில், கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அட்டை இல்லை என்பதற்காக ரேஷன் தானியத்தை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. எங்கள் ஊர்ச் சமையற்கூடம் பூட்டியே கிடந்தது. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன அப்பன் ஆத்தாள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள், பாட்டிமாரோடு சேர்ந்து அந்த 20 கிலோவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. சீமைக்கருவேலம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேரோடு அகற்றுங்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்தது. எந்த சர்வே எண்ணில் எவ்வளவு மரம் என்று கணக்கெடுப்பது எங்கள் தலையில் விழுந்தது. மரம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அந்த வருஷம் ஊருக்குக் காசு தந்தது அது ஒன்றுதான். அதை வெட்டி மூட்டம் போட்டு, கரியை மூட்டை மூட்டையாக விற்றுத்தான் பல குடும்பங்கள் நாளைத் தள்ளின. நோட்டும் பேனாவுமாக நான் காட்டுக்குள் போனால், கரி மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பவர்கள் என்னை எமனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த உத்தரவுக்குத் தடை வந்தது. யார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களோ, நான் விட்டேன்.

நிவாரணம் மதுரைக்காரர் கணக்கில் ஏறியது. இரண்டு ஏக்கருக்கு 10,930 ரூபாய். கோயில் திருவிழாவுக்கு வந்தவர் ஆத்தாவுக்கு இரண்டாயிரம் கொடுத்துவிட்டுப் போனார். "அவுக நல்லவுக. மத்தவுக அதுவும் தரலையே" என்று ஆத்தா என்னிடம் வந்து சொன்னார். மதுரைக்காரரைத் தப்புச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சட்டப்படி அவர் அந்த இரண்டாயிரத்தையும் தந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த பசலியில், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கலை எழுதும்போது, அந்த சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கலத்தில் ஆத்தாவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தேன். பேனாவால் எழுதத் துணிச்சல் வரவில்லை. ஊர்க் கணக்குகளை வருஷா வருஷம் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கு முன்னால் கணக்கைப் புரட்டிய மேலதிகாரி அந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னய்யா?" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டு, மேஜை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.