லூய்ஜியின் ஆறு பைட்டுகள்

2025 ஜூன் 14, சனி. உவர்மலை, திருகோணமலை

கச்சான் காற்று காலையிலிருந்தே அனலாக வீசியதால் வெளியே போக மனமில்லாமல் பரணை ஒதுக்கியபோது, 1996இல் அப்பா வாங்கித் தந்த டிவி கேமின் பெட்டி கிடைத்தது. கருவி செத்துவிட்டது, மாரியோ கசெட் மட்டும் தப்பியிருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் முப்பது ஆண்டுகள் கிடந்த கசெட்டின் செப்பு முனைகளில் பச்சை படர்ந்திருந்தது. அக்காவின் மகனுடைய அழிறப்பரால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்து, கசெட்டில் உள்ளதைக் கணினிக்கு நகலெடுக்கும், நண்பர் இரவல் தந்த வாசிப்புப் பலகையில் செருகினேன். மூன்று தடவை குப்பையாக வாசித்துவிட்டு நான்காம் தடவை முழுமையாக வந்தது.

மொத்தம் 40,960 பைட்டுகள்: நிரலுக்கு 32,768, படங்களுக்கு 8,192. அந்தக் கசெட்டை மருமகன் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரிது என்று காட்டியபோதுதான் அவனுக்கு இதில் அக்கறை பிறந்தது.

ஜூன் 15, ஞாயிறு

படப்பகுதியைத் திறந்து பார்த்தோம். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு துண்டும் 16 பைட்டுகள் பிடிப்பதால், 8,192 பைட்டுகளில் 512 துண்டுகள் மட்டுமே அடங்குகின்றன. இதற்குள்தான் மாரியோ, ஆமைகள், கோட்டை, எழுத்துகள் எல்லாமே.

"மாமா, இது மேகம்தானே? ஏன் கீழ புல்லுக்குள்ள கிடக்குது?" என்று கேட்டான். உண்மைதான், மேகமும் புதரும் ஒரே வரைவு, நிறம் மட்டுமே வேறு. பத்து வயதில் நூறு தடவை அதைத் தாண்டி ஓடிய நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

எழுத்துகளும் இத்துண்டுகளின் எண்களே. (பதினாறடிமான எண்களைத் தவிர்த்துப் பதின்ம எண்களாகவே இங்கே எழுதுகிறேன்.) 0 முதல் 9 வரை இலக்கங்கள், 10 என்றால் 'ஏ', 35 என்றால் 'இசட்', 36 என்றால் வெற்றிடம்.

ஜூன் 18, புதன்

வெற்றிடத்தின் எண் 36 என்பது விளையாட்டில் ஒரு பேயையே பிறப்பித்திருக்கிறது. வேறு உலகுக்குத் தாவவைக்கும் குறுக்குவழிக் குழாய்களின் உலக எண் அட்டவணையில் இந்த வரிசை நிற்கிறது: 4, 3, 2, 0, 36, 5, 36, 0, 8, 7, 6, 0. நடுவிலுள்ள தொகுதி 4-2இல் (நான்காம் உலகின் இரண்டாம் களம்) ஒற்றைக் குழாய் நிற்கும் இடத்துக்குரியது. இருபுறமும் குழாய் இல்லாததால் அங்கே வெற்றிடம் எழுதியிருக்கிறார்கள். 1-2இன் முடிவில் சுவரை ஊடுருவி, திரை போதிய அளவு நகரும் முன்பே குழாய்க்குள் இறங்கினால் அந்த நடுத்தொகுதியே அமலில் இருக்கும். வெற்றிடம் உலக எண்ணாக வாசிக்கப்பட்டு, மாரியோ 36ஆம் உலகுக்குப் போகிறார். 36இன் வடிவம் வெற்றிடம் ஆகையால் திரையில் "-1" என்று மட்டும் தெரிகிறது. எவரும் அமைக்காத உலகம் அது; உள்ளே இருப்பதோ முடிவில்லாமல் திரும்பும் 7-2இன் நீர்க்களம்.

ஆனால் இது நிரலில் நேர்ந்த பிழை. ஒளித்து வைத்த சரக்கு அன்று. ஆட்டத்தில் பயன்படாமல் உண்மையிலேயே ஒதுக்கப்பட்டவை வேறு விளையாட்டுகளில் உண்டு. 1992இல் வந்த சோனிக் 2இல், வெளியீட்டுக்கு முன் நீக்கப்பட்ட 'ஹிடன் பேலஸ்' களத்தின் இசை கசெட்டிலேயே தங்கிவிட, ஒலிச் சோதனைத் திரை '10' என்று காட்டும் எண்ணில் அதைக் கேட்கலாம். அக்களம் 2013இன் கைப்பேசிப் பதிப்பில்தான் மீண்டது. 1996இன் போக்கிமானில், பிழைதிருத்தக் கருவிகளை அகற்றியதால் மிஞ்சிய ஏறத்தாழ 300 பைட் இடத்தில் நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ 'மியூ' என்ற போக்கிமானை நுழைத்தார். ஒன்று அகற்ற முடியாமல் தங்கியது, மற்றது இடம் கிடைத்ததால் நுழைந்தது. என் கசெட்டில் எது இருக்கும் என்ற ஆவல் தூங்கவிடவில்லை.

ஜூன் 21, சனி

பழைய கருவியைப் போலவே கணினியில் இயங்கும் எஃப்சிஇயுஎக்ஸ் என்ற போலச்செய் மென்பொருளில், விளையாடும்போது எந்த பைட் கட்டளையாக ஓடியது, எது தரவாக வாசிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் பதிவுக் கருவி இருக்கிறது. தொடப்படாமல் எஞ்சுபவையே ஒதுக்கப்பட்டவை என்பது என் கணக்கு. குறுக்குவழி எதையும் தொடாமல் 32 களங்களையும் இருவரும் மாறிமாறி ஆடி முடிக்க இரவாகிவிட்டது. 8-3இன் சுத்தியல் வீரர்களிடம் நான் இழந்த உயிர்களின் எண்ணிக்கையை எழுதப்போவதில்லை.

தொடப்படாத பகுதிகளைத் தேடியபோது ஒரு நீண்ட வரிசை அகப்பட்டது. நெஞ்சு படபடக்க எழுத்தாக மாற்றினேன்: "தேங்க் யூ லூய்ஜி!" இருவர் ஆட்டத்தில் இரண்டாம் ஆட்டக்காரர் ஆட்டுவிக்கும் பாத்திரமே லூய்ஜி; கோட்டையை வென்றதும் அவருக்குச் சொல்லப்படும் நன்றி இது. நாங்கள் ஒருவர் ஆட்டத்தையே தேர்ந்திருந்ததால், கருவியின் பார்வையில் லூய்ஜி வேண்டாதவராகிவிட்டார். ஏமாற்றம்தான். ஆயினும் நம் ஆட்டத்தில் வராததும் விளையாட்டிலேயே பயன்படாததும் வெவ்வேறு என்று தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நான் தேடியது, கருவி 'ஓடியது' என்று குறித்துவிட்ட பகுதியில் இருந்தது. இதே நிரலைக் கட்டளை கட்டளையாகப் பிரித்து விளக்கம் எழுதியவர் ஒருவர் எனக்கு வெகுகாலம் முன்பே இதைக் குறித்திருக்கிறார். அவர் விளக்கத்தைத் துணையாகக் கொண்டே படித்தேன்.

மேகத்தில் மிதந்தபடி முள்முட்டை எறியும் லக்கிட்டுவை மறந்திருக்க மாட்டீர்கள். 4-1, 6-1, 8-2 களங்களில் வருவான். அவன் முட்டை எறியும்போதெல்லாம் நிரல் ஒரு நீண்ட கணக்கைப் போடுகிறது: அட்டவணையிலிருந்து மூன்று எண்களை எடுக்கிறது, மாரியோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அளக்கிறது, அவருடைய வேகத்தைப் பார்க்கிறது, மெதுவாக நகர்கிறார் என்றால் தற்செயல் எண்ணொன்றைக் கொண்டு திசையையும் புரட்டுகிறது. முட்டை எந்தக் கிடைவேகத்தில் பறக்கவேண்டும் என்பதே விடை. இந்தக் கருவியின் 6502 வகைச் செயலியில் இப்படிப்பட்ட விடை வந்து நிற்கும் பதிவகம் (எண்ணைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஒன்றே ஒன்றுதான், 'ஏ'. விடை அங்கே நிற்கும்போதே, முட்டையின் மோதல் எல்லையை அமைக்கும் துணை நிரல் அழைக்கப்படுகிறது. அந்தத் துணை நிரல் தன் கடைசி வேலையாக முட்டையின் செங்குத்து வேகத்தைச் சுழியாக்குவதற்கு அதே 'ஏ'யில் 0 போட்டுவிட்டுத் திரும்புகிறது. திரும்பியதும், 'ஏ'யில் இருப்பது கிடைவேகமாக எழுதப்படுகிறது. எண்ணிக் கையில் வைத்திருந்த சில்லறையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையை முதலாளியிடம் நீட்டுவது போன்றது இது.

ஆகவே முட்டை நேர்கீழே விழுகிறது. 1985 செப்டம்பர் 13இல் ஜப்பானில் வெளியானதிலிருந்து அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. வீணடிப்பதற்கென்றே இத்தனை பைட் கணக்கை, அதுவும் இவ்வளவு நெருக்கடியான கசெட்டில், யாரும் எழுதமாட்டார்கள்.

ஜூன் 28, சனி

முட்டையைப் பறக்கவிடுவது என்று முடிவுசெய்தேன். 'ஏ'யை அடுக்கில் (நினைவகத்தின் தற்காலிக இடம்) பத்திரப்படுத்தி, துணை நிரலை அழைத்து, பிறகு 'ஏ'யை மீட்டுத் திரும்பவேண்டும். இக்கட்டளைகளின் எண்கள்: 72, 32, முகவரிக்கு இரண்டு பைட்டுகள், 104, 96. ஆக ஆறு பைட்டுகள். நிரலில் இவற்றைச் செருக இடைவெளி இல்லை. அப்போதுதான் போன வாரத்து ஏமாற்றம் நினைவுக்கு வந்தது. "லூய்ஜி!" என்பது வியப்புக்குறியோடு சரியாக ஆறு பைட்டுகள்: 21, 30, 18, 16, 18, 43. ஒருவர் ஆட்டத்தில் அவற்றை யாரும் தொடப்போவதில்லை. நகல் கோப்பில் அவற்றை அழித்து என் ஆறையும் எழுதி, முட்டை நிரலின் அழைப்பை அங்கே திருப்பிவிட்டேன்.

1-2இன் குழாய் வழியாக 4-1க்குப் போனோம். முதல் முட்டை லக்கிட்டுவின் கையைவிட்டுக் கிளம்பி, வழக்கமான நேர்கோட்டை விட்டுச் சாய்ந்து, ஓடிக்கொண்டிருந்த மாரியோவுக்கு முன்னால் போய் விழுந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது முட்டை மறுபக்கம் போனது. அவனுக்கு நேர்கீழே நிற்காவிட்டால் போதும் என்று முப்பது ஆண்டுகளாக நான் நம்பியிருந்த பாடம் பத்து நொடியில் பயனற்றுப் போயிற்று. மூன்று உயிர்களும் அங்கேயே முடிந்தன.

ஜூன் 29, ஞாயிறு

நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மருமகன் தன் தங்கச்சியோடு இருவர் ஆட்டம் தொடங்கியிருக்கிறான். கோப்பு நேற்றைய நகல்தான். அவள் லூய்ஜி. நான் வீடு திரும்பியபோது அவள் முதல்முறையாக 1-4இன் கோட்டையை வென்று, பாலத்தைக் கடந்து, காளான் தலையன் முன்னால் பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். "தேங்க் யூ" ஒழுங்காக வந்தது. அதன் பின்னால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற படத்துண்டுகள். இரண்டாம் இடத்தில் மட்டும் தெளிவாக ஒரு 'டபிள்யூ'. துணை நிரலை அழைக்கும் கட்டளையின் எண்ணும் 32, அந்த எழுத்தின் எண்ணும் 32.

"மாமா, லூய்ஜிட பேர் எங்க?" என்று கேட்டாள்.

அது முட்டைக்குள் போய்விட்டது என்றேன். அண்ணன் மட்டும் சிரித்தான்.