மான்செஸ்டருக்குப் போனேன், ரைலண்ட்ஸ் நூலகத்தை விட்டு வர மனமில்லை

முதலில் கோபம், பிறகு நூலகம்.

லண்டன் விக்டோரியா பஸ் நிலையத்திலிருந்து மான்செஸ்டர் வரை ஐந்து மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. எட்டரை மணி நேரம் ஆனது. வழியில் விபத்து, நெடுஞ்சாலை அடைபட்டுவிட்டது. அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் பஸ்ஸின் கழிப்பறை லண்டனில் ஏறும்போதே பூட்டிக் கிடந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் இரண்டு முறை எழுந்துபோய்க் கேட்டும் ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊராக இருந்தால் பின்சீட்டிலிருந்து நான்கு பேர் குரல் கொடுத்திருப்பார்கள், வண்டி ஏதாவது டீக்கடை ஓரமாக நின்றிருக்கும். இங்கே எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நானே போய்ச் சத்தம் போட்டேன். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்.

இரவு பத்தரைக்கு இறங்கினால் மழை. விடுதி காசில்ஃபீல்டு பக்கம், ஒன்றரை கிலோமீட்டர்தான். பெட்டியோடு நனைய வேண்டாம் என்று டாக்சி பிடித்தேன். கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்பதை இறங்கும்போதுதான் ஓட்டுநர் சொன்னார். 20 பவுண்டு ரொக்கம்! நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். மறுநாள் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் என்று தனியாக மடித்து வைத்திருந்த நோட்டு அது. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து நடந்துவிடுங்கள். பகலில் நகர மையத்துக்குள் இலவச பஸ்ஸே ஓடுகிறது.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, பார்க்க வேண்டிய இடங்கள் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வரிசை இனி நிற்காது. மறுநாள் காலை டீன்ஸ்கேட் தெருவில் அந்தச் செம்மணற்கல் நூலகக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது.

நான் கோயம்புத்தூர்க்காரி. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவள். அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். மில் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த மில் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

ஜான் ரைலண்ட்ஸ் பருத்தி வணிகர். மான்செஸ்டரின் முதல் பெருங்கோடீஸ்வரர் என்று சொல்வார்கள். அவருடைய நிறுவனத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 15,000 பேர் வேலை பார்த்தார்கள். 1888இல் அவர் இறந்தார். அவருடைய மனைவி என்ரிக்கேட்டா, கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், கணவரின் நினைவாக ஒரு நூலகம் கட்ட முடிவு செய்தார். பேசில் சாம்ப்னீஸ் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார். வேலை முடியப் பத்தாண்டு பிடித்தது. 1899 அக்டோபர் 6, அவர்களுடைய திருமண நாளில் திறப்பு விழா நடந்தது. 1900 ஜனவரி 1 முதல் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். 1972இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தோடு இணைந்தது. இன்று பல்கலைக்கழகத்தின் அரிய நூல்களும் ஆவணங்களும் இருக்கும் இடம் இதுதான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. இதை இரண்டு முறை சொல்ல விரும்புகிறேன்: கட்டணமே கிடையாது. டாக்சிக்குக் கொடுத்த 20 பவுண்டை நினைத்து எரிந்துகொண்டிருந்தவளுக்கு அந்தக் கதவு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

கல்படிகளில் ஏறி வாசிப்பறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். தலைக்கு மேலே கல் வளைவுகள் விரல் கோத்ததுபோல நிற்கின்றன. இரு பக்கமும் கருத்த ஓக் மர அலமாரிகள்; அவற்றுக்கிடையே தனித்தனி மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஒரு கோடியில் ஜான் ரைலண்ட்ஸின் பளிங்குச் சிலை, மறு கோடியில் என்ரிக்கேட்டாவின் சிலை. நீளமான அறையின் இரு முனைகளிலிருந்தும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதிருக்கும், என் வாய் திறந்திருப்பதைப் பார்த்து அருகே வந்தார். வாசிப்பறையைத் தரையிலிருந்து அத்தனை உயரத்தில் வைத்ததே தெருச் சத்தம் எட்டக் கூடாது என்றுதான் என்றார். கேஸ் விளக்கு புத்தகத்தைக் கெடுக்கும் என்று, ஊரில் மின்சாரம் அரிதாக இருந்தபோதே சொந்த ஜெனரேட்டர் வைத்து மின்விளக்கு போட்டார்களாம். வெளியே ஆலைக் கரிப்புகை. அது உள்ளே வராமலிருக்க, காற்றைச் சாக்குத் துணித் திரைகளின் வழியே வடிகட்டி விட்டார்களாம். ஆலைகள் கொடுத்த பணத்தில் கட்டிய நூலகம், அதே ஆலைகளின் புகைக்குப் பயந்து துணி கட்டியிருக்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு துணி மூக்கில் கட்டிக்கொள்ளக்கூட மில்லில் கொடுத்ததில்லை. இதை நினைக்காமல் என்னால் அந்த அறையில் நடக்க முடியவில்லை.

இனி, உள்ளே இருப்பவை. எல்லோரும் தேடிப் போவது ஒரு பாப்பிரஸ் துண்டு, அதாவது நாணலில் செய்த பழங்காலத் தாள். 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம்; நம் ரேஷன் கார்டைவிடச் சற்று பெரிது, அவ்வளவுதான். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம், கிரேக்க எழுத்தில், முன்னும் பின்னும். 1920இல் எகிப்தில் வாங்கிய ஒரு கட்டுக்குள் கிடந்தது. கோலின் ராபர்ட்ஸ் என்ற அறிஞர் அது என்னவென்று கண்டுபிடித்து 1935இல் வெளியிட்டார். புதிய ஏற்பாட்டின் கைப்பிரதிகளில் கிடைத்தவற்றுள் இதுவே மிகப் பழையது என்பது பலருடைய கருத்து. 2ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிந்தையது என்று வாதிடுவோரும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனாலும் கறையானுக்கும் தீக்கும் தண்ணீருக்கும் தப்பி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு தாள் இத்தனை நூற்றாண்டு தாண்டி நம் முன் கிடக்கிறதே என்று மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கேரளத்துப் பாட்டி கண்ணாடிக்கு முன் கைகூப்பினார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

என் மனதைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. 1423 என்று ஆண்டு பொறித்த ஒரு மரக்கட்டை அச்சுப் படம் இந்த நூலகத்தில் இருக்கிறது. ஆண்டு குறித்த ஐரோப்பிய மரக்கட்டை அச்சுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஜெர்மனியின் புக்ஸ்ஹைம் மடத்திலிருந்த ஒரு சுவடியின் அட்டைக்கு உள்ளே ஒட்டியிருந்ததாம். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர், வழிப்போக்கர்களுக்குக் காவல். எந்த நாளில் இவர் முகத்தைப் பார்க்கிறாயோ அந்த நாளில் உனக்குத் துர்மரணம் இல்லை என்று கீழே லத்தீனில் இரண்டு வரி. நான் போன அன்று மூலம் காட்சியில் இல்லை, கணினித் திரையில்தான் பார்த்தேன். எங்கள் ஊர் பஸ்களில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மாலை போட்டு முருகன் படம் வைப்பார்களே, அதே நம்பிக்கைதான்! முந்தைய நாள் பஸ்ஸை நினைத்துக்கொண்டு அந்த முகத்தை நன்றாகவே பார்த்தேன்.

1892இல் ஸ்பென்சர் பிரபுவின் சேகரிப்பை, 40,000க்கும் மேற்பட்ட நூல்களை, 2 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து என்ரிக்கேட்டா மொத்தமாக வாங்கினார். குட்டன்பர்க் பைபிளும் இங்கிலாந்தின் முதல் அச்சகரான வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட நூல்களும் அப்படித்தான் மான்செஸ்டருக்கு வந்தன. 1901இல் கிராஃபர்டு பிரபுவின் கையெழுத்துச் சுவடிகளையும், சுமார் 6,000, வாங்கினார். இப்படிச் சேர்த்ததில் ஏறத்தாழ நூறு பழைய அச்சு நூல்களை 1988இல் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்றது. வேறு பிரதிகள் இருக்கின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்போதே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. என்னைக் கேட்டால் அது தவறு. ஒரே அச்சில் வந்த இரண்டு பழைய பிரதிகளும் ஒன்றாகிவிடாது. வைத்திருந்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு, அட்டைக்கட்டு எல்லாம் மாறும்.

ஜான் டால்டனின் தாள்களும் இங்கே இருக்கின்றன. அணுக்கொள்கையில் நாம் படித்த அதே டால்டன். மான்செஸ்டரிலேயே வாழ்ந்து 1844இல் இறந்தார். நூறாண்டு பத்திரமாக இருந்த அவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனது. தப்பியவைதான் இங்கே. ஐம்பத்தேழு ஆண்டுகள் நாள் தவறாமல் வானிலை குறித்த மனிதரின் உழைப்பை ஓர் இரவு தின்றுவிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

மத்தியானம் ஆர்ண்டேல் சந்தைக்கு நடந்தேன். சீஸும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட, ‘பை’ (pie) என்ற சூடான மாவுப் பண்டம், 4 பவுண்டு. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெங்காயம் இனிக்க இனிக்க வெந்திருக்கிறது, மிளகு காரம் தொண்டையில் நிற்கிறது. இங்கிலாந்தில் உணவு ருசியாக இருக்காது என்று சொல்கிறவர்கள் இதைச் சாப்பிட்டதில்லை. இரண்டாவதும் வாங்கிவிட்டேன். இரவுச் சாப்பாட்டை அதற்குப் பதிலாக விட்டுவிட்டேன், கணக்கு சரி.

அறிவியல், தொழில் அருங்காட்சியகமும் இலவசம். 1830இல் திறந்த பழைய ரயில் நிலையம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பழைய பருத்தி இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி ரைலண்ட்ஸுக்கே ஓடினேன்.

மாடம் ஒன்றுக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்தி, அப்பாவை வீடியோவில் அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பது மணி. கேமராவைக் கூரைக்குத் திருப்பினேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“கண்ணு, இவ்வளவு கல் அடுக்க எத்தனை ஆள் எத்தனை ஷிப்ட் பஞ்சு நூற்றிருப்பார்கள்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன், மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷையர் வட்டார ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பங்கு அடிமைகள் பறித்தது. போரில் அது நின்றதும் இங்குள்ள தொழிலாளர் வீடுகளில் பட்டினி. இந்தியப் பஞ்சுக்கு அலைந்தார்கள். இந்த ஆலைகளின் துணி வந்து இறங்கி நம் தறிகள் நின்றன. 1931இல் காந்தி, மான்செஸ்டருக்கு வடக்கே டார்வென் போனபோது, அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களே அவரைச் சூழ்ந்து வரவேற்றார்கள்.

“வேலை போனவனுக்குத்தான் வேலை போனவன் கஷ்டம் தெரியும்” என்றார் அப்பா. பிறகு, “கட்டினது யார், அந்த ஐயாவா?”

“அவர் வீட்டு அம்மா. இவர் போன பிறகு கட்டினது.”

“உள்ளே போகக் காசு?”

“இல்லை அப்பா. யார் வேண்டுமானாலும் வரலாம்.”

மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் சைகை காட்டினார். போனை வைக்கப் போனேன்.

“இரு, அந்த அம்மா சிலையை இன்னொரு தடவை காட்டு” என்றார்.

காவலரிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அறையின் அந்தக் கோடிக்கு நடந்தேன்.