நெட் இருக்கு, பேங்க் மட்டும் திறக்கல

எங்கள் பகுதி கேபிள்காரரிடம் ஃபைபர் இணைப்பு வாங்கினால் சுவரில் ஒரு சின்ன ஓஎன்யு பெட்டி (ஃபைபரில் வருவதை நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றித் தருவது), ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். ரூட்டர் நம் செலவு. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று டெபியன் லினக்ஸோடு சும்மா கிடந்ததால், அதையே ரூட்டர் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கேபிள் இழுக்க வந்த தம்பி "லினக்ஸ்ல வருமாண்ணே?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு, தன் லேப்டாப்பைச் செருகி நெட் வருவதைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

முதல் சிக்கலே அந்த லேப்டாப்தான். இந்த யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறைக்குப் பெயர் பிபிபிஓஈ. டெபியனில் அதை அமைப்பது பெரிய வேலை இல்லை. பிபிபிஓஈகான்ஃப் என்ற நிரலே கேள்வி கேட்டு எல்லாவற்றையும் எழுதித் தரும். எனக்குக் கையால் எழுதினால்தான் திருப்தி. இணைப்பு வரவில்லை. பதிவைப் பார்த்தால் 'சாப் அத்தென்டிகேஷன் ஃபெயில்ட்', அதாவது பாஸ்வேர்டு சரிபார்ப்பு தோற்றுவிட்டது. இது ஒரு வகையில் நல்ல செய்தி. வயரிலோ ஓஎன்யுவிலோ கோளாறு என்றால் மறுமுனையின் முதல் பதிலான 'படோ'வுக்குக் காத்து நேரம் கடந்ததாக வரும். இங்கே மறுமுனை பேசுகிறது, உள்ளே விடத்தான் மறுக்கிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருந்தது. ஆபீஸுக்குப் போன் செய்தேன். முதலில் செருகிய தம்பியின் லேப்டாப்பின் மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கணக்கு பூட்டிக்கொண்டிருந்தது. "மேக் ரிலீஸ் பண்ணுங்க" என்றதும் செய்துவிட்டார்கள், உடனே பிபிபி0 என்ற பெயரில் இணைப்பு எழுந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாத் தளங்களும் திறந்தன. அதன் வழியாக நெட் வாங்கும் எங்கள் லேப்டாப்பில் யூடியூப் ஓடுகிறது, பிங் போகிறது, வங்கித் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "நெட் இருக்கு, பேங்க் மட்டும் திறக்கல" என்றார் மனைவி. அதைவிடத் துல்லியமாக இந்த நோயை யாரும் சொல்ல முடியாது.

லேப்டாப்பிலிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பினேன். 'எம்டியு 1492' என்று திரும்பி வந்தது, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1492 பைட்தான் இருக்கலாம். 1464 போட்டதும் போனது. தலைப்புகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் சரியாக 1492. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஈ 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது.

லேப்டாப்புக்கு இது தெரியாது. தலைப்புகளுக்கான 40 பைட் போக 1460 பைட் வரை அனுப்பலாம் என்று வங்கி சர்வரிடம் சொல்லிவிடுகிறது. சர்வர் 1500 அளவில் பாக்கெட் அனுப்ப, இணைப்பு நிறுவனத்தின் முனையில் அது நுழையாது. 'சின்னதாக அனுப்பு' என்று போகும் ஐசிஎம்பி செய்தியைச் சர்வரின் ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சின்னவை, போய்விடுகின்றன. தளம் தன் அடையாளத்தைக் காட்ட அனுப்பும், பெரிதாக இருக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் வரும்போது மாட்டிக்கொள்கிறது. யூடியூப் பெரும்பாலும் டிசிபி இல்லாமல் க்விக் என்ற வேறு நெறிமுறை வழியாகப் போகிறது, அதன் பாக்கெட்டுகள் சிறியவை. ரூட்டர் கம்ப்யூட்டருக்குத் தன் பிபிபி0 அளவு தெரியும் என்பதால் அது முதலிலேயே 1452 என்று சொல்லிவிடுகிறது.

தீர்வு லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், ரூட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்டு செயினில் ஒரே வரி: 'டிசிபி ஃபிளாக்ஸ் சின் டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியு'. லேப்டாப் சொல்லும் 1460ஐ வழியிலேயே 1452 ஆக்கிவிடும். இதை 'ஐநெட்' டேபிளில் வைத்தால் ஐபிவி6க்கும் சேர்த்து வேலை செய்யும். கோப்பில் எழுதி, என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸையும் எனேபிள் செய்யாவிட்டால் ரீபூட்டில் போய்விடும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், கேபிள்காரர் தெருவில் இருக்காது. அறுந்தால் மறுபடி முயற்சி செய் என்று 'பெர்சிஸ்ட்' போட்டிருந்தாலும், இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல் தொடர்ந்து 10 முறை தோற்றால் கைவிட்டுவிடும், அதுதான் இயல்பு அமைப்பு. எத்தனை முறை தோற்றாலும் விடாதே என்று பொருள்படும் 'மேக்ஸ்ஃபெயில் 0' என்று சேர்த்துவிட்டேன். இப்போது அங்கே கரண்ட் வந்ததும் நெட்டும் தானாக வந்துவிடுகிறது.