அப்பாவின் வட்டுகளுக்காக இரண்டாவது டிவிடி டிரைவ்

அப்பா காலமான பிறகு, சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் 23 வட்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை விசிடி, அதாவது சிடியில் பதிந்த வீடியோ; அக்காவின் கல்யாணம், பாட்டியின் சஷ்டியப்தபூர்த்தி, தைப்பூசத்தில் மாமா காவடி எடுத்தது என்று எங்கள் குடும்பமே அந்த டின்னுக்குள் இருந்தது. என் மேசைக்கணினியில் இருந்த டிவிடி டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் பதினாறு ஒழுங்காக ஓடின. மீதி ஏழில், அக்காவின் கல்யாண வட்டு 41ஆவது நிமிடத்தில், பாட்டி அட்சதையோடு வரிசையில் நகர்ந்து வரும் இடத்தில், அப்படியே நின்றுவிட்டது.

வட்டு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே வட்டை ஒரு டிரைவ் படிக்கும், இன்னொன்று படிக்காது. லென்ஸின் நிலை, லேசரின் வலு, பிழை வந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி முயலும் விதம் ஆகியவை டிரைவுக்கு டிரைவ் மாறுபடும். விசிடிக்கு இதில் கூடுதல் பலவீனம் உண்டு. கணினிக் கோப்புகளைப் பதியும் சாதாரண சிடியில் செக்டர் எனப்படும் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் 2048 பைட் மட்டும் தகவலுக்கு விட்டு, மீதியில் பிழைதிருத்தத்துக்கான கூடுதல் குறியீட்டை வைப்பார்கள். விசிடியின் வீடியோப் பகுதியிலோ 74 நிமிடப் படத்தை அடக்குவதற்காக அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுவிட்டு 2324 பைட் வரை படத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே சின்னக் கீறலும் பெரிதாகத் தெரியும். பழைய டிரைவைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவதைவிட, இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே சரி என்று தீர்மானித்தேன்.

கணினிப் பொருள்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேரில் இப்போது கண்ணில் படுபவை பெரும்பாலும் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவுகளே. ஆனால் என் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் 5.25 அங்குல இடம் ஒன்று காலியாக இருந்தது. மேலும், உள்ளே பொருத்தும் முழு அளவு டிரைவுக்குப் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் கிடைக்கும். யுஎஸ்பி டிரைவோ 5 வோல்ட்டை மட்டும் நம்பியிருக்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு கடைக்காரர் அப்படி ஒன்றை உள்ளறையில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். முன்பக்க பிளாஸ்டிக் மூடியை உள்ளிருந்து தள்ளி எடுத்ததும், டிரைவை முன்புறமிருந்தே நுழைக்கலாம். ஸ்க்ரூவில் கவனம் வேண்டும்: ஹார்டு டிஸ்குக்குப் போடும் ஸ்க்ரூ சற்றுத் தடிமன், அதன் புரி அகலம், டிவிடி டிரைவுக்கு உரியது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நெருக்கமான புரி கொண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையால் இரண்டு சுற்று சுலபமாகச் சுற்றவில்லை என்றால் அது தவறான ஸ்க்ரூ. திருப்புளியால் பலவந்தம் செய்தால் துளையின் புரி அழிந்துவிடும்.

பின்னால், டிரைவைக் கணினியோடு இணைக்கும் சாட்டா (SATA) வகைக் கேபிள் இரண்டு. அகலமானது மின்சாரத்துக்கு, குறுகியது தகவலுக்கு. இரண்டின் வாயும் நம் 'ட' எழுத்துப் போல வளைந்திருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. முன்பெல்லாம் ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிரைவை மாட்டி, எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று ஜம்பர் என்ற சிறு செருகியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்; சாட்டாவில் அந்த வேலையே இல்லை.

அப்படியிருந்தும் கணினியைப் போட்டபோது பழைய டிரைவ் மட்டும்தான் தெரிந்தது. புதியதின் தட்டு திறந்து மூடியது, விளக்கு எரிந்தது, ஆனால் கணினி தொடங்கும்போது பாகங்களைப் பட்டியலிடும் பயோஸில் அதன் பெயரே இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. தட்டு இயங்குவதால் மின்சாரம் போகிறது, குறை தகவல் வழியில்தான் என்று யோசித்து மதர்போர்டின் (கணினியின் தாய்ப்பலகை) கையேட்டைப் புரட்டியபோது காரணம் ஓர் அடிக்குறிப்பில் கிடைத்தது: பலகையிலேயே உள்ள எம்.2 என்ற செருகிடத்தில் எஸ்எஸ்டி (சேமிப்பகம்) பொருத்தியிருந்தால் 5, 6ஆம் சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யா. நான் செருகியிருந்தது ஐந்தில். மூன்றாவதுக்கு மாற்றியதும் விண்டோஸ் அதற்கு E என்று எழுத்துக் கொடுத்துவிட்டது. தனியாக எந்த மென்பொருளும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.

கல்யாண வட்டைப் புதிய டிரைவில் போட்டேன். 41ஆவது நிமிடத்தில் வேகம் குறைந்து, உள்ளே இரண்டு மூன்று முறை உறுமிவிட்டு, மேலே படித்துக்கொண்டு போயிற்று. படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அதற்குப் பின் பாட்டி பச்சைப் பட்டுப் புடவையில், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அட்சதையைத் தூவினார். "தம்பி, அங்கேயே நிறுத்து" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னார்.

அந்த ஏழில் நான்கைப் புதிய டிரைவ் மீட்டது. இன்னொன்றை, இரண்டிலும் மாறி மாறி முயன்றதில், பழைய டிரைவே கடைசியில் படித்து முடித்தது. எஞ்சிய இரண்டில் அப்பா மேலே ஒட்டியிருந்த காகித லேபிள் உரிந்து வந்திருக்கிறது. சிடியில் தகவலைத் தாங்கும் பூச்சு அந்தப் பக்கத்து மெல்லிய அரக்குக்கு நேர்கீழே இருப்பதால், லேபிளோடு அதுவும் பெயர்ந்துவிட்டது. விளக்கில் பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் அப்படியே ஊடுருவி வருகிறது. அவற்றையும் அம்மா அதே டின்னில் வைத்திருக்கிறார்.