எறும்பின் பாதமாகவே வாழும் ஓர் உயிர்

எறும்புப் புற்றுக்குள் எறும்பு மட்டும் இருப்பதாக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மைட் என்கிற சிற்றுண்ணிகள் அங்கே கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. எட்டுக்கால், சிலந்தியின் உறவு, பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது மேக்ரோசீலஸ் ரெட்டன்மேயெரி. 1962இல்தான் இந்தச் சிற்றுண்ணிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் படை எறும்பு ஒன்றின் பின்னங்கால் நுனியைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இந்த எறும்புகள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றித் தொங்கித்தான் கூடு கட்டும். அப்போது சிற்றுண்ணி தன் வளைந்த பின்னங்கால்களை நகமாகக் கொடுக்கிறது! எறும்பும் அதைத் தன் பாதமாகவே பயன்படுத்துகிறது.

அப்புறம் ஆன்டென்னோஃபோரஸ் என்கிற சிற்றுண்ணி. லேசியஸ் என்கிற வகை எறும்பின் தாடைக்கடியில் உட்கார்ந்து, நீண்ட முன்னங்கால்களால் வாயை வருடி உணவைக் கக்க வைத்துச் சாப்பிடும். ஒரே எறும்பில் பல ஏறினால் இடமும் வலமும் பிரிந்து பாரத்தைச் சமன் செய்துகொள்ளும்.

வகைப்பாடுதான் பெரிய சிக்கல். சில குழுக்களில் எறும்பின் மேல் ஒட்டிப் பயணிக்கும் இளம்பருவத்துக்கு வாயே வேலை செய்யாது. புற்றுக்குள் வளரும் முதிர்ந்த பருவத்தோடு துளியும் ஒத்துப்போகாது. இளம்பருவத்தை மட்டும் பார்த்தே பெயர் வைக்கப்பட்ட இனங்கள் ஏராளம். இரண்டும் ஒரே இனம்தானா என்று உறுதிசெய்ய, வளர்த்துப் பார்க்க வேண்டும் அல்லது மரபணுவை ஒப்பிட வேண்டும். சிற்றுண்ணிக்கு இறக்கை கிடையாது, பறக்கும் ராணியைப் பிடித்துக்கொண்டுதான் பல இனங்கள் புதுப் புற்றுக்குப் போகின்றன. ஆகவே எறும்பைச் சேகரிப்பவர்களே, எறும்புகளைப் போட்டுவைக்கும் சாராயக் குப்பியின் அடியில் படியும் தூசியைக் கொட்டிவிடாதீர்கள். உதிர்ந்த சிற்றுண்ணிகள் அதில்தான் கிடக்கும்.