ஹூட் மலைக் காட்டில் எங்கள் கிறிஸ்துமஸ் மரம்

அமெரிக்காவிலேயே அதிகமாகக் கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்கும் மாநிலம் ஒரேகான். டிசம்பர் நெருங்கினால் பீவர்டனில் எங்கள் தெருமுனை வரை மரக்கடை வந்துவிடும். ஆனாலும் நாங்கள் மரத்துக்குக் காட்டுக்குத்தான் போவோம். ஹூட் மலை தேசிய வனத்தில் 5 டாலருக்கு அனுமதிச் சீட்டு வாங்கினால் ஒரு மரத்தை நாமே வெட்டிக்கொண்டு வரலாம். இந்த முறை மகள் நான்காம் வகுப்பு. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மரம் இலவசம், இணையப் பதிவுக்கு மட்டும் இரண்டரை டாலர்.

"பச்சை மரத்தையா வெட்டப் போறீங்க?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் பதறினார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் காடுகளில் இளம் மரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு முளைக்கின்றன. வெயிலுக்கும் தண்ணீருக்கும் எல்லாமே தவிக்கும். கோடையில் தீப்பிடித்தால், நெருக்கமாக நிற்கும் இந்தச் சிறு மரங்களைப் பிடித்துத்தான் தீ பெரிய மரங்களின் உச்சிக்கு ஏறும். அதனால்தான் வனத்துறையே கொஞ்சம் களைந்து எடுக்கச் சொல்கிறது. பெரிய மரத்தின் நுனியை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது, நெடுஞ்சாலைக்கும் ஓடைக்கும் பக்கத்தில் வெட்டக் கூடாது என்று விதிகளும் உண்டு.

சாண்டி ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 26ஆம் நெடுஞ்சாலையில் ஏறினோம். வழியில் லாரல் ஹில் என்ற செங்குத்தான சரிவு வரும். 1846இல் திறந்த பார்லோ பாதையில் மேற்கு நோக்கி வந்த குடியேறிகள், மரங்களில் கயிற்றைச் சுற்றி மாட்டு வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய இடம் அது. அங்கே வேகத்தைக் குறைக்காமல் என்னால் போக முடிவதில்லை. அப்புறம் 35ஆம் நெடுஞ்சாலை, நாலாயிரம் அடிக்கு மேல் பார்லோ கணவாய். அதையும் தாண்டிக் காட்டுச் சாலைக்குள் திரும்பினோம்.

இந்தச் சாலைகளில் குளிர்காலத்தில் யாரும் பனி தள்ளுவதில்லை. நுழைந்ததுமே நிறுத்தி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் பரந்து படியும், பனியில் புதையாது. நான்கு சக்கரங்களும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் வீல் லோ கியரில் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் போனால் போதும். பின்னால் நண்பரின் டிரக்கில் மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரசர் எல்லாம் இருந்தன. செல்போன் சிக்னலே இல்லாத இடத்துக்கு ஒற்றை வண்டியில் போவது எனக்குச் சம்மதமில்லை. மேல்பனி உறைந்திருந்ததால் சக்கரம் உருள உருள நொறுங்கும் சத்தம். பனி வண்டியின் அச்சு உயரத்தைத் தொடுவதற்குள், வண்டியைத் திருப்ப வாகான ஓர் அகலமான இடம் வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தோம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் இரண்டரைக்குள் மரம் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம்.

நாங்கள் தேடியது நோபிள் ஃபர் என்ற ஊசியிலை மரம். அதன் ஊசியிலை அடியில் ஹாக்கி மட்டைபோல வளைந்து மேல்நோக்கி நிற்கும். உச்சிக் குருத்து தொங்கினால் அது ஹெம்லாக் என்ற வேறு மரம். மகளுக்கு இதெல்லாம் இப்போது அத்துப்படி. முதலில் நான் காட்டிய மரம் நாலாபுறமும் வெயில் படத் தனியாக நின்றது, அவ்வளவு அழகு. "அப்பா, அது தனியா நல்லா வளருது, விட்டுடலாம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கடைசியில் ஒரு பெரிய மரத்தின் நிழலில், மூன்று மரங்கள் நெருக்கியடித்து நின்றதில் நடுவிலிருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். ஏறக்குறைய எட்டடி.

வெட்டுவதற்கு முன் பனியைத் தோண்டித் தரை வரைக்கும் போக வேண்டும். அடிக்கட்டையின் உயரத்தைப் பனியின் மேலிருந்து அல்ல, மண்ணிலிருந்துதான் கணக்கிடுவார்கள். கிளைகளை உலுக்கியதும் பனி முழுவதும் என் கழுத்துக்குள் கொட்டியது. மனைவி மரத்தைச் சாய்த்துப் பிடிக்க, நான் பக்கவாட்டில் படுத்துக் கைவாளால் அறுத்தேன். பாதி அறுக்கும்போதே எலுமிச்சை கலந்த பிசின் வாசம் எழுந்தது. மகள் குனிந்து வளையங்களை எண்ணினாள்: இருபத்து மூன்று. மரப் பண்ணையில் பத்து வருஷம் வாக்கில் எட்டும் உயரத்துக்கு இந்த நிழலில் இத்தனை வருஷம். பெரிய மரம் இருந்த பக்கம் வளையங்கள் நூலிடை விடாமல் நெருங்கியிருந்தன. இனிமேல் பக்கத்து மரங்கள் இரண்டுக்கும் வெயில் கிடைக்கும்.

சீட்டைக் கிளையில் கட்டி, காற்றில் கிளை முறியாதபடி அடிப்பக்கம் முன்னால் வருமாறு வண்டியின் மேலே ஏற்றினோம்.

வீட்டில் அடியை ஓர் அங்குலம் புதிதாக அறுத்துத் தண்ணீரில் நிறுத்தினோம். கடை மரம்போல அடர்ந்த கூம்பு இல்லை இது. கிளைகளுக்கிடையே நல்ல இடைவெளி இருப்பதால் தொங்கவிட்ட ஒவ்வொரு பொம்மையும் தனித்துத் தெரிகிறது. எனக்கு இந்த அழகுதான் பிடிக்கும். முதல் நாளே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது. தினமும் பார்த்து ஊற்றினால் நோபிள் ஃபர் பொங்கல் வரை ஊசி உதிராமல் நிற்கும்.